ஆளில்லாமல் கப்பலேறிய பெயர்

நான் மொன்றியலுக்குப் போனது செத்துப்போன ஓர் ஆளின் பெயரைக் கேட்பதற்கு. தெருவில் விசாரித்தவர்களுக்குச் சொன்ன காரணம் வேறு. தம்பியின் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், பத்தியம் சமைக்க ஆள் வேண்டும் என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை. என் பெட்டியில் ஒரு மூலை முழுக்கப் பத்தியக் கறிக்குப் போடும் சரக்குத்தூள்தான் இருந்தது.

என் பெயர் கிரேஸ் ஆஷ்பி. ஊர் யாழ்ப்பாணம், நிறம் நல்ல கறுப்பு. முப்பத்துநாலு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நின்று ஓய்வு பெற்றவள். ஆஷ்பி என்று கேட்டதும் ஆட்கள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பெயர் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பாதிரிமார் பள்ளிக்கூடம் கட்டி, பிள்ளைகளைத் தங்கவைத்து, மூன்று வேளை சோறு போட்டுப் படிப்பித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் செலவையும் அமெரிக்காவில் ஏதோ ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டவர்கள் விரும்பும் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். இரவு கந்தனாகப் படுத்தவன் காலையில் நத்தானியேலாக எழும்புவான். வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பிள்ளை கடல் தாண்டி ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இது யாருக்கு நடந்தது என்பதுதான் தெரியாது. பூட்டன் சாமுவேல் ஆஷ்பி உபாத்தியாயர் வரைக்கும் தெரியும். அதற்கு மேலே ஏணி இல்லை. தேவாலயப் பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தேன், அட்டை மட்டும்தான் மிச்சம்.

முதல் நாள் மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் தம்பி ராஜன் வீட்டில் இறங்கினேன். எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தவை. வளவுகளுக்கு நடுவில் வேலி இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சாண் எல்லைக்காக வழக்குப் போட்டு இரண்டு தலைமுறை கோட்டுக்கு நடக்கும். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டும்போது ராஜனுடைய புல்லிலும் ஒரு வரிசை சேர்த்து வெட்டிவிட்டுக் கையசைத்துப் போகிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ராஜன் முப்பத்திரண்டு வருடமாக விமானப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. மனைவி மாலா. மகள் ஷாமினி நகருக்குள் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி கொடுப்பவள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் கணவன் கபிலனுக்கு வடக்கே ஒரு சுரங்கத்தில் வேலை. இரண்டு கிழமை அங்கே, இரண்டு கிழமை வீட்டிலே.

பிள்ளைக்கு அன்று இருபதாம் நாள். பெண் பிள்ளை. பெயர் இல்லை. மாலா குஞ்சு என்றாள். ராஜன் பிரின்சஸ் என்றான். இந்த நாட்டில் பிறந்து முப்பது நாளுக்குள் பெயர் எழுதிப் படிவம் அனுப்ப வேண்டும். அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியபடி வெறுமையாக இருந்தது.

நான் கால் கழுவி வருவதற்குள் ஷாமினி கேட்டாள். "மாமி, கொண்டு வந்தனீங்களோ?"

"சரக்குத்தூள் இரண்டு கிலோ."

"நான் பேரைக் கேட்டனான்."

அவளுடைய பிடிவாதத்துக்குக் காரணம் நான்தான். பாதிரிமார் பெயர் வைத்த கதையை ஒருநாள் தொலைபேசியில் விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவளுக்கு ஆஷ்பி பிடிக்காமல் போயிற்று. "அது பேரில்லை மாமி, பற்றுச்சீட்டு. ஆரோ காசு கட்டினதுக்கு எங்கடை ஆளின்ரை முதுகிலை ஒட்டிவிட்டது. என்ரை பிள்ளையின்ரை முதுகிலை ஒட்ட விடமாட்டன். அந்த முதல் ஆளுக்குச் சொந்தமா ஒரு பேர் இருந்திருக்கும்தானே? அதைத்தான் வைப்பன். ஆம்பிளைப் பேரெண்டாலும் பாதியையாவது வைப்பன்."

"கிடைக்காட்டி?"

"அப்பா சொல்லுற பேரை வையுங்கோ. எனக்கு ஒண்டுமில்லை." அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பெற்ற உடம்பு, அழக்கூடாது என்று மாலா சுடுதண்ணீர் கொண்டு வந்தாள்.

அப்பா சொல்லுகிற பெயர் எலிசபெத். ஏனென்றால் ராஜனிடம் வேறு ஒரு சரித்திரம் இருந்தது. சாமுவேல் உபாத்தியாயரின் தகப்பன் ஓர் ஆங்கிலேயக் கப்பல் கப்டனாம். புயலில் ஒதுங்கி, யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டினாராம். இதை மொன்றியலில் அவன் சொல்லாத கலியாண வீடு இல்லை.

"கப்டன்ரை வம்சமெண்டா நீ ஏனடா கீரிமலைக் கேணியிலை இறங்கப் பயந்தனீ?" என்று கேட்டேன். மாலா சிரித்துவிட்டாள்.

சாப்பிட்டபின் ராஜன் என்னைக் கார் நிறுத்தும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். "அக்கா, தோண்டாதேங்கோ. தோண்டுற இடத்திலை சாதி எழும்பி வந்து நிண்டா என்ன செய்யிறது? நான் இஞ்சை இவ்வளவு காலமும் கப்டன்ரை ஆளெண்டு திரியிறன்." அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. அறுபது வயதில் அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தைப் பார்த்து எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

எங்களுக்குப் பிடித்துப் போக இருந்த ஒரே நூல்முனை டொரதி ஆஷ்பி. எண்பத்தொரு வயதுப் பெண்மணி. இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து ஷாமினியிடம் நடக்கப் பழகியவர். ஒரு அறைக்குள் இரண்டு ஆஷ்பி என்று இருவரும் சிரித்தார்களாம். பேச்சுவாக்கில் டொரதி, எங்கள் வீட்டிலும் சிலோன் கடிதங்கள் கொஞ்சம் இருக்கின்றன, வந்து பாருங்கள் என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார். போவதற்குள் ஷாமினிக்கு வலி வந்துவிட்டது.

இரண்டாம் நாள் நானே அவரை அழைத்தேன். நல்ல கணீரென்ற குரல். பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டதுதான் தாமதம், மடை திறந்த மாதிரிக் கொட்டினார். ஆஷ் என்பது ஒரு மரம். பி என்பது ஊர். இங்கிலாந்துக்கு வள்ளத்தில் வந்து குடியேறிய டேனியர்கள் விட்டுப்போன சொல். அந்த மரம் நின்ற ஊர்க்காரர் எல்லாரும் ஆஷ்பி ஆனார்கள்.

"எங்கள் ஊரில் வேம்படி, ஆலடி, புளியடி எல்லாம் இருக்கிறது," என்றேன். அர்த்தத்தைக் கேட்டுவிட்டு டொரதி சொன்னார்: "அப்படியானால் உங்களுக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

அவருடைய முன்னோர் இங்கிலாந்திலிருந்து மாசச்சூசெட்ஸ் போய்ச் செருப்புத் தைத்திருக்கிறார்கள். அங்கே நிலம் போதாமல் வண்டி கட்டிக்கொண்டு வடக்கே ஏறி, கியூபெக்கின் கிழக்குப் பக்கத்தில் காடு வெட்டியிருக்கிறார்கள். பிறகு புகையிரத வேலைக்காக மொன்றியல். அவ்வளவு தூரமும் ஆட்கள் நடந்தும் வண்டியிலும் பெயரைச் சுமந்தார்கள். எங்களுக்கு வந்தது மட்டும் ஆள் இல்லாமல், தனியாகக் கப்பலேறி வந்த பெயர்.

"கடிதத்தில் என்ன கையெழுத்து இருக்கிறது?" என்று கேட்டேன்.

"லூசி ஆஷ்பி. என் பூட்டனுக்கு லூசி என்று ஒரு தங்கை இருந்து ஒன்பது வயதில் இறந்துபோனாள். அவள் தாய், மகளின் பெயரில் உங்கள் நாட்டில் ஒரு சிறுமியைப் படிப்பித்தார். மூன்று கடிதங்கள் இருக்கின்றன. நேராக எழுதிய வரிகளை வாசித்திருக்கிறேன், வெறும் வேதப் பாடம். மற்றதெல்லாம் கிறுக்கல், யாராலும் வாசிக்க முடியவில்லை. புதன்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். அன்றைக்கு வீடு மாறுகிறேன், ஆனாலும் உங்களுக்காகக் காத்திருப்பேன்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பெண் பிள்ளை. பெண் பிள்ளை கலியாணம் கட்டினால் பெயர் அவளோடு நின்றுவிடும். அவளிடமிருந்து ஆஷ்பி எங்களுக்கு எப்படி வரும்? சமையலறையில் நின்ற ராஜன் பெரிய மூச்சொன்று விட்டான். "பாத்தியளே, அது வேறை ஆள். இனி விடுங்கோ." ஷாமினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

மூன்றாம் நாள் என் மனத்தைத் தேற்ற மாலா ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிப்போனாள். டொரதிக்கு வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா? ஸ்ட்ராபெரிப் பழக் காலம். ஒவ்வொரு கடையிலும் பழத்தை வெட்டித் தட்டில் வைத்திருக்கிறார்கள், தின்று பார்த்துவிட்டுப் போகலாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மாம்பழத்தை மணந்து பார்த்தாலே கடைக்காரி ஏசுவாள். நான் ஐந்து கடையில் தின்றுவிட்டு ஆறாவது கடையில் வாங்கினேன். அங்கே பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றவர் எங்கள் ஊர்க்காரர்.

"அன்ரி இப்பதான் வந்தனீங்கள் போலை. ஊர் சுத்திப் பாத்தாச்சோ?"

"நாளைக்குக் கோட்-டெ-நெய்ஜிலை ஒரு அம்மாவைப் பாக்கப் போறன் தம்பி."

"நாளைக்கோ? ஐயோ, யூலை முதலாந் திகதி. பாதி மொன்றியல் நாளைக்குத்தான் வீடு மாறும். வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே நாளிலை முடியும். தெருவிலை நடக்க ஏலாது. ஆனா ஒரு லாபம், தெருவிலை வைச்ச சாமானை ஆரும் எடுக்கலாம். என்ரை வீட்டுச் சோபா அப்பிடி வந்ததுதான்." அவர் பெருமையாகச் சொன்னார். நானும் நல்ல வழக்கம் என்று தலையாட்டினேன்.

நாலாம் நாள் ராஜன் என்னை ஒன்பது மணிக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தான். எட்டரைக்குக் கார் சரியில்லை என்றான். நேற்று வரை ஓடிய கார். நான் வாதாடவில்லை. முகவரித் துண்டையும் பழப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தேன்.

அங்கே பஸ் வந்தது, நிற்கவில்லை. இன்னொன்று வந்தது, அதுவும் நிற்கவில்லை. இரண்டின் நெற்றியிலும் ஒரே ஊர்ப் பெயர், என்-டிரான்சிட் என்று ஓடியது. பெரிய ஊராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்றாவதற்குக் குடையை விரித்து ஆட்டினேன். பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அது ஊர் இல்லை. ஆள் ஏற்றாமல் போகும் பஸ். இன்றைக்கு விடுமுறை, மணிக்கு ஒன்றுதான் வரும்." பிறகு ஒரு பஸ், அதன்பின் மெட்ரோ, மெட்ரோவில் எதிர்த்திசையில் இரண்டு நிலையம், திரும்பி வந்து சரியான திசை. டொரதியின் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று நாற்பது.

தெரு முழுக்க வீட்டுச் சாமான். மெத்தைகள் சுவரில் சாய்ந்து நின்றன. நாலு பேர் ஒரு குளிர்சாதனப் பெட்டியைக் கயிறு கட்டிப் படியில் இறக்கினார்கள், ஐந்தாவது ஆள் கீழே நின்று சத்தம் மட்டும் போட்டார். அந்த அமளிக்குள், சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைத்தலை அம்மையார் ஒருவர் நடைபாதையில் நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

"கிரேஸ்?" என்றார். நான் தலையாட்டினேன்.

"உங்களுக்காகத் தனியாக எடுத்து வைத்தேன். லொறி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கடிதங்களை வைத்த தகரப் பேணியை மட்டும் கைக்குக் கை கொடுக்க வேண்டும் என்று, இங்கே, என் பச்சைக் கதிரையின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பத்து மணி, பதினொரு மணி. என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை, உள்ளே கழிவறைக்குப் போனேன். வந்து பார்த்தால் கதிரையும் இல்லை, பேணியும் இல்லை."

அந்த விசுக்கோத்துப் பேணிக்குள்தான் மூன்று கடிதங்களும் இருந்தன. ஐந்து தலைமுறை, இரண்டு நாடு, எத்தனை வீடு மாறியும் தொலையாத கடிதம் நான் எதிர்த்திசை மெட்ரோவில் போன நேரத்தில் தொலைந்துபோயிற்று. அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது. ஆனால் டொரதி எனக்கு முன்னால் அழத் தொடங்கிவிட்டார்.

ராஜனை அழைத்தேன். "கார் சரியில்லாட்டித் தள்ளிக்கொண்டு வா," என்றேன். நாற்பது நிமிடத்தில் கார் வந்து நின்றது. நல்லாக ஓடுகிற சத்தம்.

அவன் இறங்கியபோது முகம் உர்ரென்று இருந்தது. டொரதி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அவனுக்கு முன்னால் போய் நின்றார். "மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்துப் பொருளை என் வீட்டார் இத்தனை காலம் காப்பாற்றினார்கள். நான் ஒரு காலையில் தொலைத்துவிட்டேன்." ராஜனுக்கு வயதானவர்கள் அழுதால் தாங்காது. "அழாதேங்கோ, அழாதேங்கோ," என்று தமிழிலேயே சொன்னான். பிறகு கைச்சட்டையை மடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது என் தம்பியே இல்லை. கலியாண வீட்டில் கப்டன் கதை தவிர வேறு எதற்கும் வாய் திறக்காதவன், தெருவில் போன வந்த ஒவ்வொருவரையும் பிரெஞ்சில் மறித்தான். பொன்ஜூர், பச்சைக் கதிரை, மேலே ஒரு பேணி, கண்டீர்களா? சோபா தூக்கியவர்களை நிறுத்திக் கேட்டான். லொறிகளின் பின்கதவால் எட்டிப் பார்த்தான். ராஜன் தன் கதிரையைச் சந்தேகப்படுகிறான் என்று ஒரு ஆள் சண்டைக்கு வந்தான். அந்த ஆளையே ராஜன் சமாதானப்படுத்தி எங்களோடு தேட வைத்தான். டொரதியைக் காருக்குள் இருத்தி, ராஜன் ஆமை மாதிரிக் காரை ஓட்டியபடி இடப்பக்கம் பார்க்க, நான் வலப்பக்க நடைபாதையில் நடந்தேன். பழப்பெட்டி என் கையிலேயே இருந்தது, எங்கே வைப்பது? வைத்தால் அதையும் எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது தெரு முனையில் ராஜன் கத்தினான். "அக்கா! கதிரை!"

இரண்டாம் மாடிப் பல்கனியில் பச்சைக் கதிரை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தவர் பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண்மணி, லோர்னா என்று பெயர். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அன்று காலைதான் அந்த வீட்டுக்கு வந்தவர். ராஜன் கேள்வியை முடிக்கவில்லை, அவர் உள்ளே போய் ஒரு பேணியோடு வந்தார். "கதிரையைத் தூக்கும்போதே இதில் என்ன என்று பார்த்தேன். பழைய கடிதம். கடிதத்தை யாராவது எறிவார்களா? என் அம்மாவின் கடிதம் எல்லாம் நான் வைத்திருக்கிறேன். யாராவது தேடி வருவார்கள் என்று அடுப்படியில் உயரத்தில் வைத்தேன். கதிரையை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள்."

"கதிரை உங்களுக்குத்தான்," என்றார் டொரதி. அவரை ராஜனும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி மேலே ஏற்றியிருந்தோம். லோர்னா அந்தக் கதிரையை உள்ளே இழுத்து அவரை அதிலேயே இருத்தினார்.

மேசை இன்னும் வந்திருக்கவில்லை. பெட்டிகளுக்கு நடுவே நிலத்தில் ஒரு விரிப்பைப் போட்டுப் பேணியைத் திறந்தேன். எல்லாம் ஆங்கிலத்தில். முதல் இரண்டு கடிதமும் பிள்ளைக் கையெழுத்து. நான் சுகம், வேதம் படிக்கிறேன், தையல் பழகுகிறேன், உங்களுக்குத் தோத்திரம். பக்கத்தில் ஆசிரியை நின்றிருப்பார் என்று வரிக்கு வரி தெரிந்தது. மூன்றாவது கடிதம் வளர்ந்த கை. அதிலும் நேர் வரிகளில் மழை, விளைச்சல், சபைச் செய்தி. அதற்கு மேலாக, தாளைக் குறுக்கே திருப்பிப் பிடித்து, எழுதிய வரிகளின் மேலேயே இன்னொரு கடிதம் எழுதப்பட்டிருந்தது. தாளும் தபாலும் விலையாக இருந்த காலத்தில் அப்படி எழுதுவார்கள். பார்வைக்குக் கம்பிவலை. டொரதியின் வீட்டார் ஐந்து தலைமுறையாகக் கிறுக்கல் என்று ஒதுக்கியது அதைத்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்துநாலு வருடம் டாக்டர்மாரின் மருந்துத் துண்டு வாசித்தவள் நான். மேலே ஒரு மருந்து, குறுக்கே ஒரு மருந்து, ஓரத்தில் வெட்டித் திரும்ப எழுதிய இன்னொன்று. பிழையாக வாசித்தால் ஆள் தப்பாது. ஒரு தந்திரம்தான் இருக்கிறது. பேனை எந்தப் பக்கம் சாய்ந்து ஓடியதோ அந்தச் சாய்வோடு மட்டும் கண்ணை விட வேண்டும், மற்றதைக் காணக் கூடாது. தாளைத் திருப்பினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். வாசித்தேன்.

நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், பள்ளிக்கு வருமுன் எனக்கு என்ன பெயர் என்று. இதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. என் எழுத்தில் எழுதுகிறேன்.

அடுத்து ஐந்து எழுத்து. தமிழ் எழுத்து. என் கண்ணில் நீர் முட்டி அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தாளை ராஜனிடம் நீட்டினேன். அவன் தமிழ் வாசித்து எத்தனை வருடமோ, விரலை வைத்து எழுத்துக் கூட்டினான்.

"நா... க... நாக... முத்து. நாகமுத்து."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த லோர்னாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"ஆனா இவ எங்கடை ஆளோ அக்கா?" என்றான் ராஜன். முந்தாநாள் இல்லை என்று சந்தோஷப்பட்டவன், இப்போது ஆம் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற குரலில் கேட்டான். நான் தாளை வாங்கித் தொடர்ந்து வாசித்தேன். அதை அப்படியே சொல்லுகிறேன்.

என் மகன் சாமுவேலைப் பள்ளியில் சேர்த்தபோது உபாத்தியாயர் தகப்பன் பெயரைக் கேட்டார். நான் ஆஷ்பி என்று எழுதுங்கள் என்றேன். அது முறையில்லை என்றார். என் கணவர் முதலில் சிரித்தார், பிறகு அப்படியே எழுதும்படி அவரும் சொன்னார். அவர் குடும்பத்தின் பெயரைச் சொல்ல அவருக்கு நாலு தம்பிமார் இருக்கிறார்கள். உங்கள் லூசியின் பெயரைச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

சாமுவேல். எங்கள் பூட்டன், ஆஷ்பி உபாத்தியாயர். நாகமுத்து அவருடைய தாய். எங்களுக்கு இந்தப் பெயரைத் தந்தது கப்டனும் இல்லை, பாதிரியும் இல்லை. ஒரு பெண், பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொரு பெண்ணுக்காக, உபாத்தியாயரை எதிர்த்து நின்று எழுதுவித்திருக்கிறாள். எனக்கு அந்த இடத்தில் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. தட்டினேன். லோர்னாவுக்கு விஷயம் முழுதாகத் தெரியாது, அவரும் தட்டினார்.

டொரதி கதிரையின் கையைப் பிடித்தபடி இருந்தார். "எங்கள் வீட்டில் லூசிக்கு ஒரு படம்கூட இல்லை. அவளை எல்லாரும் மறந்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன்," என்றார்.

ராஜன் என் காதருகே குனிந்தான். "வேறை ஒண்டும் எழுதேல்லையோ? ஆற்றை பிள்ளை, என்ன பகுதி எண்டு..."

"எழுதேல்லை. நாகமுத்து எண்டு மட்டும்தான் எழுதியிருக்கிறா. அவவுக்கு அது போதும். உனக்குப் போதாதோ?"

அவன் நிமிர்ந்தான். "கப்டன்?" என்றான்.

"உன்ரை கப்டன் கடலோடை போயிட்டான்."

அவன் சிரித்தான். தோளில் இருந்து ஏதோ மூட்டை இறங்கிய ஆள் போல, லோர்னா கொடுத்த நூடுல்ஸில் இரண்டு தட்டுச் சாப்பிட்டான். ஸ்ட்ராபெரிப் பெட்டியையும் அங்கேயே திறந்தோம். பாதி நசுங்கியிருந்தது, ஆனாலும் ஒன்று மிஞ்சவில்லை.

அன்று பின்னேரம் ஷாமினி, நாங்கள் கைபேசியில் எடுத்து வந்த கடிதப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான் வரி வரியாகச் சொன்னேன். நாலு தம்பிமார் இடம் வந்ததும், திரும்பச் சொல்லுங்கோ என்றாள். மூன்று தரம் சொன்னேன். பிள்ளை மடியில் நித்திரை. பெற்ற உடம்பு என்று தடுக்க அன்று ஒருவரும் வரவில்லை. மாலாவும் சேர்ந்து அழுதாள்.

"நாகமுத்து," என்றாள் ஷாமினி பிள்ளையைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்தாள். "ஆஷ்பியும் இருக்கட்டும் மாமி. நான் விளங்காமல் கதைச்சிட்டன். அது அவ தானாத் தெரிஞ்செடுத்த பேர்."

இந்த மாகாணத்தில் பெண்கள் கலியாணம் கட்டினாலும் பிறந்த பெயரோடுதான் இருப்பார்கள். பிள்ளைக்குத் தாயின் பெயரையே வைக்கலாம். நாகமுத்து பள்ளி உபாத்தியாயரோடு சண்டை பிடித்து வாங்கியதை, இங்கே ஒரு கட்டத்துக்குள் புள்ளடி போட்டு வாங்கலாம். சுரங்கத்திலிருந்த கபிலனைக் கேட்டோம். "என்ரை அப்பான்ரை பேர் சிவபாதசுந்தரம், அந்தப் படிவத்துப் பெட்டியளுக்கை அடங்காது. உங்கடையையே வையுங்கோ," என்றான்.

மாலாவுக்கு மட்டும் ஒரு பயம். "பள்ளிக்கூடத்திலை பிரெஞ்சுப் பிள்ளையள் இந்தப் பேரை எப்பிடிச் சொல்லுங்கள்?"

"பழகுங்கள்," என்றாள் ஷாமினி.

ராஜன்தான் படிவத்தை நிரப்பினான். நூலிழை பிசகாமல் உலோகம் வெட்டுகிற கை, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எழுத்தை நிறுத்தி வைத்தது. மறுநாள் காலை தபாலுக்கும் அவனே போனான்.

நான் திரும்புவதற்கு முதல் கிழமை பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாள் வந்தது. அரசாங்க மருத்துவ நிலையத்துக்கு ஷாமினி மட்டும் போனால் போதும். ஆனால் ராஜன் வேலைக்கு லீவு போட்டான், நானும் சேலை கட்டினேன். புதிய இடத்திலிருந்து டொரதியையும் ஏற்றிக்கொண்டோம், அவர் கேட்டுக்கொண்டபடி. காத்திருக்கும் இடத்தில் இருபது பேராவது இருந்தார்கள், அழுகிற பிள்ளைகள், தூங்கி விழும் தகப்பன்மார். உள்ளிருந்து ஒரு தாதி கையில் கோப்போடு வந்தாள். பெயரைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, ஒவ்வோர் அசையாக, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாக வாசித்தாள்.

"நா-கா-முத்-து ஆஷ்பி?"

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் தாளைத் திருப்பி எழுதிய பெயரை, முன்பின் தெரியாத ஒரு ஆள் முதல்முறையாகக் கூப்பிட்டாள். ஷாமினி பிள்ளையோடு எழுந்தாள். நான் எழுந்தேன். டொரதி நடைவண்டியை ஊன்றி, மெதுவாக, ஆனால் நேராக எழுந்து நின்றார். முப்பத்திரண்டு வருடம் இந்த ஊரில் பிரெஞ்சு பேசிய என் தம்பி, கையை மேலே தூக்கி, அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கத் தமிழில் கத்தினான்:

"ஓம்! இஞ்சை நிக்கிறா!"